திருப்புறம்பயம் போரைக் காணொளியாக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சோழர் வரலாற்றைக் காணொளிகளாக எடுத்துப் போடும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். யார் பெயரையும் சொல்லப் போவதில்லை. திருப்புறம்பயம் போரைப் பற்றி நான் பார்த்த காணொளிகளில் பெரும்பாலானவை ஒரே கதையைத்தான் சொல்கின்றன, கிட்டத்தட்ட ஒரே சொற்களில். அதனால் ஒருவரை மட்டும் பிடித்துக் கேட்பது நியாயமாக இருக்காது.

கதை உங்களுக்கே மனப்பாடம். சங்க காலத்துக்குப் பிறகு ஒடுங்கிப்போன சோழகுலம். வடக்கே பல்லவன், தெற்கே பாண்டியன். காவிரிக்கரையில் பெரும் போர். பல்லவர் படை பின்வாங்கும் நேரத்தில், கால்கள் செயலிழந்த முதிய விஜயாலயன் இரண்டு வீரர்களின் தோளில் ஏறி, இரு கைகளிலும் வாளைச் சுழற்றிக்கொண்டு களத்துக்குள் பாய்கிறான். பாண்டியர் படை சிதறுகிறது. அன்றைக்கே சோழப் பேரரசு பிறந்துவிடுகிறது. அப்புறம் முரசொலி, புலிக்கொடி, 'மறக்காம சப்ஸ்கிரைப் பண்ணுங்க'.

சிலிர்க்கும் காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தோள் சவாரி எந்தக் கல்வெட்டிலும் இல்லை, எந்தச் செப்பேட்டிலும் இல்லை. விஜயாலயன் உடம்பில் தொண்ணூற்றாறு விழுப்புண்கள் என்பது ஒட்டக்கூத்தரின் உலாவில் வருவது. அதுவும் அவன் காலத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்துப் பாடியது. எந்தக் களத்தில் பட்ட புண் என்று அதில் சொல்லவில்லை. மிச்சத்தை 'பொன்னியின் செல்வன்' என்ற புகழ்பெற்ற தொடர்கதையும் அதைப் படித்து வளர்ந்த நம் கற்பனையும் சேர்த்துக்கொண்டன. கதை எழுதியவருக்கு அந்த உரிமை உண்டு. 'மறைக்கப்பட்ட உண்மை வரலாறு' என்று தலைப்பு வைக்கிற உங்களுக்கு உண்டா?

சரி, கையில் இருப்பது என்ன?

வாணியம்பாடிப் பக்கம் உதயேந்திரம் என்று ஓர் ஊர். அங்கே கிடைத்த செப்பேடுகளில் ஒரு தொகுதி, கன்னட நாட்டுப் பக்கம் ஆண்ட கங்க மரபைச் சேர்ந்த இரண்டாம் பிருதிவிபதியுடையது. அத்திமல்லன் என்றும் அவனுக்குப் பெயர். முதலாம் பராந்தக சோழனின் 15ஆம் ஆட்சியாண்டில் எழுதியது, அதாவது போர் முடிந்து சுமார் நாற்பது ஆண்டுகள் கழித்து. அதில் தன் பாட்டன் முதலாம் பிருதிவிபதியைப் பற்றி ஒரு வடமொழிச் செய்யுளை வைத்திருக்கிறான். அதன் சாரம் இது: ஸ்ரீபுறம்பியத்தில், அதாவது திருப்புறம்பயத்தில், நடந்த பெரும்போரில் பாண்டியர் தலைவன் வரகுணனை அவன் வென்றான், தன் நண்பனான பல்லவ அரசனுக்கு இருந்த அபராஜிதன் (தோற்காதவன்) என்ற பெயர் பொய்க்காதபடி செய்தான், தன் உயிரையே கொடுத்து விண்ணுலகம் போனான்.

அவ்வளவுதான். இந்தப் போரைப் பெயர் சொல்லிப் பேசும் சான்றுகளில் எல்லோரும் முதலில் போய் நிற்கும் இடம் இந்த ஒரு செய்யுள். போர் நடந்த ஆண்டு இதில் இல்லை. எத்தனை நாள் நடந்தது என்று இல்லை. எந்தப் பக்கம் எத்தனை யானை, எத்தனை குதிரை என்று இல்லவே இல்லை. கி.பி. 880 வாக்கில் என்பதும், இல்லை 885 என்பதும் ஆய்வாளர்கள் மற்ற ஆட்சியாண்டுகளை வைத்துப் போட்ட கணக்கு. அந்தக் கணக்குக்கு ஒரு நல்ல முளைக்குச்சி ஐவர்மலைக் கல்வெட்டு. அது சக ஆண்டு 792ஐ (கி.பி. 870) வரகுணனின் 8ஆம் ஆட்சியாண்டு என்கிறது. அதனால் அவன் 862 வாக்கில் பட்டத்துக்கு வந்தான் என்று தெரிகிறது. இப்படி ஒவ்வொரு குச்சியாக ஊன்றித்தான் போரின் காலத்துக்கு வந்து சேர்கிறோம். உங்கள் காணொளிகளில் வரும் 'ஒரு லட்சம் வீரர்கள்' எந்தக் குச்சியில் கட்டியது என்று ஒருவராவது சொல்லுங்கள்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் செய்யுளில் சோழன் இல்லை.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். செப்பேட்டை வெளியிட்டவன் சோழருக்கு வேண்டாதவன் என்றால் விட்டுவிடலாம். அவனோ பராந்தகனுக்கு அடங்கிய சிற்றரசன். வாணர் என்ற அரச குலத்தை வீழ்த்தி அந்த நாட்டை அவனுக்குக் கொடுத்தவன் பராந்தகன். செம்பியன் மாவலிவாணராயன் என்ற பட்டமும் அப்படி வந்ததுதான். செப்பேடே சோழர் வம்சாவளியில்தான் தொடங்குகிறது. கரிகாலன், கோச்செங்கணான் என்று இறங்கி விஜயாலயன், ஆதித்தன், பராந்தகன் வரை வாயாரப் புகழ்ந்துவிட்டு, அதற்குப் பிறகே தன் பாட்டன் கதைக்கு வருகிறான். அந்தப் பாட்டன் செத்த களத்தில் தன் பேரரசனின் தந்தை ஆதித்தன்தான் வெற்றியைத் தேடித் தந்தான் என்றால், அதை ஒரு வரி சேர்த்துச் சொல்ல அவனுக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும்! சொல்லவில்லை. முப்பத்தொரு ஏடுகளில் சோழர் பெருமையைச் சூரியனிலிருந்து தொடங்கிப் பாடும் ராஜேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடும், ஆதித்தன் அபராஜிதனை வென்றதைச் சொல்கிறது. திருப்புறம்பயத்தைச் சொல்லவில்லை.

ஆதித்தன் பல்லவர் பக்கம் நின்று போரிட்டான் என்பது ஆய்வாளர்களின் அனுமானம். நல்ல அனுமானம்தான், நானும் ஏற்கிறேன். களம் சோழர்களின் வீட்டு வாசலில் இருக்கிறது. தஞ்சாவூரைக் கையில் வைத்திருப்பவன் ஏதாவது ஒரு பக்கம் சேராமல் இரண்டு பெரும்படைகள் அங்கே வந்து மோதியிருக்க வழியில்லை. போருக்குப் பிறகு வேகமாக வளர்ந்தவனும் அவன்தான். இதையெல்லாம் பார்வையாளருக்கு அப்படியே எடுத்துச் சொல்லலாமே. 'இன்ன காரணத்தால் அவன் அங்கே இருந்திருப்பான் என்று நினைக்கிறார்கள்' என்று சொன்னால் யாரும் காணொளியை மூடிவிட்டுப் போகமாட்டார்கள். துப்பறியும் கதை பிடிக்காத தமிழர் உண்டா?

களம் என்றதும் இன்னொன்று. ஊரை நீங்கள் ஏதோ திடீரென்று முளைத்த போர்க்களம் மாதிரி காட்டுகிறீர்கள். கும்பகோணத்துக்கு அருகில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள பழைய ஊர் அது. அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய சாட்சிநாதர் கோயில் அங்கேதான் இருக்கிறது. போருக்கு முன்பே பெயர் பெற்ற தலம். அந்த வட்டாரத்துக்குப் படைகளும் புதிதல்ல. வரகுணனின் தந்தை ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் குடமூக்கில், அதாவது இன்றைய கும்பகோணத்தில், கங்கர், பல்லவர், சோழர், கலிங்கர், மகதர் என்று ஒரு கூட்டணியையே வென்றதாகச் சின்னமனூர்ச் செப்பேடு சொல்கிறது. பல்லவர் பக்கம் கேட்டால், முன்பு பாண்டியனிடம் தோற்ற படையை வைத்தே அரிசிலாற்றங்கரையில் நிருபதுங்கன் பகைவரை அழித்தான் என்கிறது பாகூர்ச் செப்பேடு. அப்புறம் புறம்பயம். மூன்றும் ஒன்றுக்கொன்று எட்டும் தூரத்தில்தான்.

ஏன் எப்போதும் அங்கேயே? பாண்டியன் வடக்கே ஏற வேண்டுமென்றாலும் பல்லவன் தெற்கே தள்ள வேண்டுமென்றாலும் காவிரிப் படுகையைத் தாண்டித்தான் ஆகவேண்டும். அங்கே நெல் இருக்கிறது. பெரும்படைக்குச் சோறு போட வேறு எந்த நாடு இருக்கிறது? அந்த நெல் வயல்களுக்கு நடுவே, 850 வாக்கில் தஞ்சாவூரைப் பிடித்து, நிசும்பசூதனிக்குக் கோயில் எடுத்து உட்கார்ந்துகொண்டான் விஜயாலயன். அவனுடைய பெரிய சாதனை அதுதான் என்று நான் நினைக்கிறேன். தோளில் ஏறிப் போரிட்டதைவிட, சரியான இடத்தில் சரியான காலத்தில் உட்கார்ந்தது. பல்லவரும் பாண்டியரும் இரண்டு மூன்று தலைமுறையாக மோதி மோதிக் களைத்த இடத்தில் சோழர் வீடு கட்டினார்கள்.

தஞ்சாவூரை இழந்த முத்தரையர்களையும் வில்லன்கள் ஆக்கிவிடாதீர்கள். செந்தலைத் தூண்களில் பெரும்பிடுகு முத்தரையன் சுவரன் மாறனைப் பாடிய தமிழ்ப் பாக்கள் இன்றும் இருக்கின்றன. புலவர்களை வைத்துத் தமிழ் வளர்த்த குடும்பம்.

இப்போது நீங்கள் தாண்டிப் போகும் இடத்துக்கு வருகிறேன். என் பார்வையில் கதையே அங்கேதான் இருக்கிறது.

திருப்புறம்பயத்தில் வென்றவர்கள் ஏட்டின்படி இருவர். கங்கன் களத்திலேயே இறந்தான். பல்லவன் வெற்றியோடு வீடு திரும்பினான், ஆனால் அவன் குலத்துக்கு அதுதான் கடைசிப் பெரிய வெற்றி. அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் அவன் முடிந்தான். முடித்தது தோற்றுப்போன பாண்டியன் என்றால் எதிர்பார்க்கக்கூடியதுதான். முடித்தவனோ பல்லவருக்கு அடங்கியிருந்த குலத்தைச் சேர்ந்த ஆதித்தன். கன்னியாகுமரியில் உள்ள வீரராஜேந்திரன் கல்வெட்டு இதைக் கண்ணால் பார்த்தது போலச் சொல்கிறது: யானை மேல் இருந்த பல்லவ அரசன் மேல் ஆதித்தன் பாய்ந்து அவனைக் கொன்றான். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தும் பேரப்பிள்ளைகள் அதைக் கல்லில் வெட்டிப் பெருமைப்பட்டார்கள்.

விழுந்து கிடந்த சோழகுலத்தை எழுப்பி நிறுத்திய அடி என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். திருப்புறம்பயம் பாண்டியனை நிறுத்தியது, பல்லவனைக் களைக்க வைத்தது, ஆதித்தனுக்கு மூச்சு விட இடம் கொடுத்தது. அரசு கைக்கு வந்தது பல்லவன் யானை சாய்ந்த அன்றைக்கு. தஞ்சாவூரிலிருந்து எண்ணினால் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு, இரண்டு தலைமுறை. பத்து நிமிடக் காணொளிக்கு இது வசதிப்படாது, தெரியும்.

இதை நீங்கள் ஏன் ஒரே வரியில் முடிக்கிறீர்கள் என்பதும் புரிகிறது. தன் மேலரசனைக் கொன்றவன் என்று சொன்னால் நாயகனுக்கு அழகில்லை. ஆனால் சோழர்களே மறைக்கவில்லையே! திருவாலங்காட்டிலும் கன்னியாகுமரியிலும் அவர்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதை, ஆயிரம் ஆண்டு கழித்து நாம் ஏன் அவர்களுக்காக வெட்கப்படுகிறோம்? ஒன்பதாம் நூற்றாண்டு அரசியலில் விசுவாசம் என்பதற்கு எவ்வளவு காலம் உயிர் இருந்தது, யார் யாருக்கு எப்போது அடங்கினார்கள், எப்போது அடங்க மறுத்தார்கள் என்பதெல்லாம் ஒரு நல்ல காணொளிக்கான சரக்கு. நீங்கள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வாள் சத்தத்தை வைக்கிறீர்கள்.

கொன்றதோடு ஆதித்தன் வேலை முடியவும் இல்லை. திருக்கழுக்குன்றத்தில் ராஜகேசரியின் (ஆதித்தனின் பட்டப்பெயர்) 27ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அந்தக் கோயிலுக்கு முன்பு கந்தசிஷ்யன் என்ற அரசன் கொடுத்ததை, பிறகு வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையன் காப்பாற்றியதை, தானும் அப்படியே தொடர்வதாகச் சொல்கிறது. பல்லவ நாட்டைப் பிடித்தவன் பல்லவர் கொடுத்த தானங்களை உறுதிசெய்கிறான். 'அரசன் மாறினான், உங்கள் நிலம் மாறாது' என்று கோயில்களுக்கும் ஊர்ச்சபைகளுக்கும் சொல்கிற ஏற்பாடு. திருநெய்த்தானத்தில் இன்னொரு கல்வெட்டு: தொண்டைநாட்டில் பரவிய சோழன் ராஜகேசரியும் சேரமான் தாணு ரவியும் சேர்ந்து விக்கி அண்ணன் என்ற தலைவனுக்கு அரசச் சிறப்புகள் கொடுக்கிறார்கள். மேற்கே சேரனை நண்பனாக வைத்துக்கொண்டுதான் ஆதித்தன் வளர்ந்தான் என்பது அதிலிருந்து தெரிகிறது. காவிரியின் இரு கரையிலும் மலை தொடங்கிக் கடல் வரை சிவனுக்குக் கற்கோயில்கள் வரிசையாக எடுத்தான் என்று அன்பில் செப்பேடு அவனைப் பாராட்டுகிறது. வாளைப் பற்றிய காணொளிகள் நூறு இருக்கின்றன. இந்த மூன்று சான்றுகளையும் சேர்த்துப் பேசிய காணொளியை நான் இன்னும் பார்க்கவில்லை. இருந்தால் சொல்லுங்கள்.

கங்கர்களுக்கு நீங்கள் செய்யும் அநியாயம் தனி. செப்பேட்டில் வென்றவன், செத்தவன், இரண்டும் பிருதிவிபதி. உங்கள் கதையில் அவன் பெயர் வந்தால் பெரிய விஷயம். திருப்புறம்பயத்தில் அவனுடைய பள்ளிப்படை (இறந்தவனை அடக்கிய இடத்தில் எடுத்த கோயில்) என்று மக்கள் காட்டும் இடம் இருக்கிறது. அங்கே போகிறவர்களும் பொன்னியின் செல்வனில் வரும் சதிக்கூட்டத்தைத்தான் தேடுகிறார்கள். அங்கே கிடப்பவன் யார் என்று கேட்பவர்கள் குறைவு. வெளிநாட்டான் என்பதாலா? கங்கர்கள் பிறகு இந்தக் கதையில் எதிர்ப்பக்கமாகவும் திரும்பி வருகிறார்கள். 949இல் தக்கோலத்தில் பராந்தகனின் மகன் ராஜாதித்தனைக் கொன்றவன் கங்க அரசன் இரண்டாம் பூதுகன். ஒரு கங்கன் உயிர் கொடுத்த களத்திலிருந்து எழுந்த குலத்தை இன்னொரு கங்கன் ஏறக்குறையச் சாய்த்தே விட்டான். (அந்தச் செய்தியைத் தரும் ஆதகூர்க் கல், காட்டுப்பன்றியோடு சண்டையிட்டுச் செத்த காளி என்ற வேட்டை நாய்க்கு எடுத்த நடுகல். தக்கோலம் அதில் ஊடே வரும் செய்தி. இதற்கே ஒரு காணொளி போடலாம்.)

வரகுணனும் வெறும் 'தோற்ற பாண்டியன்' ஆகிவிட்டான். அவனுக்குப் பின் தம்பி பராந்தக வீரநாராயணன் ஆண்டான். அந்தத் தம்பி மகன் ராஜசிம்மனிடமிருந்துதான் பராந்தக சோழன் மதுரையைப் பிடித்தான். பாண்டியர் எழுந்து சோழரை விழுங்க இன்னும் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் ஆகும். அது வேறு கதை.

என் கோரிக்கைகள் பெரியவை இல்லை. ஒவ்வொரு காணொளியின் கீழும், எந்தச் செய்தி எந்தச் செப்பேட்டிலிருந்து, எந்தக் கல்வெட்டிலிருந்து என்று இரண்டு வரி போடுங்கள். தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் இப்போது வலையிலேயே கிடைக்கின்றன; உதயேந்திரம் செப்பேடு இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. கற்பனைக் காட்சி வரும்போது திரையின் ஓரத்தில் 'கற்பனை' என்று ஒரு சொல் போதும். சான்று சொல்லாத எண்ணிக்கையை நீங்களும் சொல்லாதீர்கள். பள்ளிப்படைக்குப் போனால் பேய்க்கதை எடுக்காமல் பிருதிவிபதி பெயரைச் சொல்லிவிட்டு வாருங்கள். கேட்பவர்களில் பள்ளிப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நீங்கள் சொல்வதைத் தேர்வுத்தாளில் எழுதுகிறார்கள்.

முன்னுதாரணம் தேடி வெகுதூரம் போகவும் வேண்டாம். பிற்காலச் சோழர் வரலாற்றைத் தமிழில் எழுதிய தி. வை. சதாசிவ பண்டாரத்தார் பிறந்த ஊரே திருப்புறம்பயம்தான். அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் முதல் எழுத்து அந்த ஊர். சொந்த ஊர் பெருமையை எழுத உட்கார்ந்தவர் கல்வெட்டையும் செப்பேட்டையும் அடுக்கி வைத்துக்கொண்டுதான் எழுதினார்.

கடைசியாக, அடுத்த காணொளிக்கு ஒரு யோசனை. திருத்தணி வீரட்டானேசுவரர் கோயிலுக்குப் போங்கள். அபராஜிதன் காலத்தில் நம்பி அப்பி என்பவர் எடுத்த கற்கோயில். அங்கே அந்தத் திருப்பணியைப் பாராட்டும் வெண்பா ஒன்று கல்லில் இருக்கிறது. அதன் கீழே, இந்த வெண்பாவைப் பாடியவர் அரசரே என்றும் குறித்திருக்கிறார்கள். புறம்பயத்தில் வென்று, ஆதித்தனிடம் எல்லாவற்றையும் இழந்த அதே பல்லவன் எழுதிய தமிழ் வெண்பா. கல்வெட்டைத் தெளிவாகப் படம் பிடியுங்கள், எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுங்கள், பின்னணி இசையைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். எத்தனை நிமிடம் ஓடினாலும் முழுக்கப் பார்க்கிறேன், நாலு பேருக்கு அனுப்பியும் வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பார்வையாளர்களில் ஒருவன்